‘ப’ ‘ஹ’ ஆகிற இடம்

என் மகனுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. இன்னும் பள்ளிக்கூடத்தில் போடவில்லை. ஆஸ்டின் டவுனில் எங்கள் வரிசையில் குடியிருக்கும் நீங்கள் எல்லாரும், குழாயடியிலோ, ஞாயிறு ஆராதனை முடிந்து குடையை விரிக்கும்போதோ, என்னிடம் இதைக் கேட்டுவிட்டீர்கள். அக்கறையோடுதான் கேட்டீர்கள். நானும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொன்னேன். யுத்தம் என்றேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டுவிட்டது என்றேன். பையனுக்குச் சளி விடவில்லை என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் எதுவும் காரணமில்லை.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு அவன் வயது இருந்த காலத்துக்குப் போக வேண்டும். ஒரு மழைக்காலம் தொடங்கிக் கிறிஸ்மஸ் வரைக்கும் அம்மா என்னை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பது சரியான வார்த்தைதானா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. அவளும் நானும் ஒரு வீட்டில் சேர்ந்து இருந்தோம். அதற்குள் எனக்குப் படிக்க வந்துவிட்டது. அவ்வளவுதான் சொல்லலாம். உங்களுக்கும் என் வயதுதான். உங்கள் மடியிலும் ஒன்று இருக்கிறது. படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அப்போது நாங்கள் இதே பெங்களூரில், சூளைப் பக்கம் இருந்தோம். முந்தின யுத்தம் முடிந்த சமயம். அப்பா பட்டாளத்துக் கணக்கு ஆபீசில் கிளார்க். ஊரெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்து, என்னை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டுப் போனது. தலைமுடி கொட்டிவிட்டது. நடந்தால் கால் பின்னிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்குக் கூட்டத்தில் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யூகலிப்டஸ் தைலம் தோய்த்த கைக்குட்டையை அம்மா என் சட்டையில் ஊசி குத்தி வைப்பாள். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்கு ஓட்டில் மழை பெய்கிற சத்தம் கேட்கும்.

என்னைப் பார்க்க அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. மலைக்குக் கீழே, வேலூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பெரிய டீச்சர். தாய் தகப்பன் போனபின் அப்பாவை வளர்த்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. என் மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்தார். சிலேட்டில் எழுதச் சொன்னார். எனக்கு ஒரு எழுத்தும் வரவில்லை.

“பொம்பளைப் புள்ளை ஒரு வருஷம் வீணாக்கினா அப்புறம் அடுப்படியிலேயே நின்னுடும்,” என்றார் அம்மாவிடம். கிறிஸ்மஸுக்குத் திரும்ப வருவேன், அதற்குள் வாசிக்கவும் கணக்குப் போடவும் வீட்டிலேயே வந்துவிட்டால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் என்னோடு போர்டிங்குக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். அப்பா தலையாட்டினார். அம்மா, “சரிங்கக்கா,” என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் என்பது ஒரு பண்டிகையாக மட்டும் இருக்கவில்லை. இரவு ஜெபத்தில் அம்மா என் படிப்பையும் ஒரு வேண்டுதலாகச் சேர்த்துக்கொண்டாள். அவள் குரல் அந்த இடத்தில் மட்டும் தணியும். எனக்குப் போர்டிங் என்றால் என்ன என்று தெரியாது. அம்மா இல்லாத இடம் என்று மட்டும் தெரியும்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். முதல் நாள் பள்ளிக்கூடம் மாதிரியே நடத்தினாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, சிலேட்டும் நூலில் கட்டிய ஸ்பாஞ்சும் வைத்து, எந்த நேரத்தில் எந்தப் பாடம் என்று ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினாள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைசாணி விற்றுவிட்டுப் போன பித்தளை மணி ஒன்று எங்களிடம் இருந்தது. பட்லரைக் கூப்பிடுகிற மணி. அதை அடித்தாள். நான் எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னேன். அவள் உட்காரச் சொல்லி வாயைத் திறப்பதற்குள் உலை பொங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் வாசலில் ரொட்டிக்காரர். அவர் போனால் எனக்கு இருமல். சாயங்காலம் அப்பா வந்து, இன்றைக்கு என்ன பாடம் என்று அம்மாவைக் கேட்டார்.

“பட்டாணி,” என்றாள்.

“பட்டாணியா?”

“பட்டாணி உரிச்சோம்.”

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். கொஞ்ச நாளில் அந்த அட்டை விசிறியாகிவிட்டது. மணி முதலில் அலமாரி மேல் போயிற்று, பிறகு பூனைக்கு விளையாட்டாயிற்று, பிறகு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

எங்களிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. மூடியில் வயதான மகாராணியின் படம். முக்காடு போட்டு, கன்னம் தொங்கி, யாரோடும் பேசப் பிடிக்காதவள் மாதிரி இருப்பாள். உப்பு மடித்த காகிதம், பருப்பு மடித்த காகிதம் என்று வீட்டுக்கு வருகிற காகிதத்தில் பெரிய எழுத்து இருந்தால் அம்மா அதைக் கத்தரித்து அந்த டப்பாவில் போடுவாள். அரிசியில் கல் பொறுக்கும்போது டப்பாவை என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் பாயில் குப்புறப் படுத்து எழுத்துகளை எடுத்துப் பரப்புவேன். வரிசை எதுவும் கிடையாது. எனக்கு ‘அ’ தெரிவதற்கு முன்னாலேயே ‘ழ’ தெரியும். ஏனென்றால் ‘ழ’ மேல் எண்ணெய்க் கறை இருந்தது, அது வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரித் தெரியும்.

அம்மாவுக்கு இதெல்லாம் சரிதானா என்று சந்தேகமாகவே இருந்தது. இப்போது நினைத்துப் பார்க்கும்போது தெரிகிறது. திடீரென்று கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு, “ஏழும் அஞ்சும் எவ்வளவு?” என்று கேட்பாள். நான் சரியாகச் சொன்னாலும் அவள் முகம் தெளியாது. இன்னொன்று கேட்பாள். அதற்கும் சொன்னால், தற்செயலாக வந்திருக்குமோ என்பது போல் என்னைப் பார்ப்பாள்.

எங்களுக்குப் பால் கொண்டுவந்தவள் தொம்மலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு கன்னடக்காரி. விடியற்காலைப் பனியில் தலையில் கம்பளியைக் கொங்காணி போட்டுக்கொண்டு வருவாள். அவள் கையில் பித்தளைச் செம்பு, செம்பின் வாயில் புல். “ஹாலு,” என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வாசலில் நிற்பாள். நான் பால் என்பேன். அவள் ஹாலு என்பாள். எனக்கு அது பெரிய வேடிக்கை. அவள் தலையில் இருப்பதைப் பூ என்றால் ஹூவு என்பாள். பல்லைக் காட்டினால் ஹல்லு. பத்து விரலையும் விரித்தால் ஹத்து. புலி ஹுலி. பாம்பு ஹாவு.

ஒருநாள் மத்தியானம் எனக்கு அது பிடிபட்டது. பாயில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ‘ப’வெல்லாம் பால்காரம்மா வாயில் ‘ஹ’ ஆகிவிடுகிறது. அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அவள் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். மெதுவாக ஒவ்வொரு சொல்லாகத் தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. பயந்த மாதிரியும் இருந்தது, யாரோ கையில் பரிசு வைத்த மாதிரியும் இருந்தது.

பால்காரம்மா எழுத்து எப்படி இருக்கும் என்று கேட்டேன். டப்பாவில் ‘ஹ’ இல்லை. அம்மா சலித்த மாவைத் தரையில் தூவி விரலால் எழுதினாள். பக்கத்தில் ‘ப’வும் எழுதினாள். ‘ப’ மூடியில்லாத பாத்திரம் மாதிரி இருந்தது, பால் வைக்கலாம். ‘ஹ’ என்பது அந்தப் பாத்திரத்தை யாரோ தட்டிவிட்டுப் பால் வளைந்து வளைந்து ஓடுகிற மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். அம்மா மாவுக் கையோடு சிரித்தாள்.

எல்லாச் சொல்லும் கட்டுப்படவில்லை. பென்சில் ஏன் ஹென்சில் ஆகவில்லை என்று கேட்டேன். அம்மா யோசித்து, அது டப்பா மேலிருக்கும் ராணி ஊர்ச் சொல், அதை யாரும் தொடமுடியாது என்றாள். அப்படியானால் பெங்களூர்? அதற்கும் ‘ப’தானே எழுதுகிறோம், அது ஏன் ஹெங்களூர் ஆகவில்லை? அம்மா வெகுநேரம் யோசித்தாள்.

“தெரியலையே கண்ணு. உனக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லு,” என்றாள்.

பெரியவர்கள் தெரியாது என்று சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வீடு கொஞ்சம் பெரிதான மாதிரி இருந்தது.

கிறிஸ்மஸுக்குப் புடவை எடுக்க ஒருநாள் சிக்பேட்டைக்கு ஜட்காவில் போனோம். கூட்டம் என்பதால் முதலில் அம்மா தயங்கினாள், பிறகு என்னையும் மடியில் வைத்துக்கொண்டாள். கன்னடம் எங்கே ஆரம்பிக்கும் என்று ஜட்காக்காரரைக் கேட்டேன். அவர் சாட்டையை நீட்டிக் காட்டினார்.

“அதோ ராணியம்மா சிலை இருக்குதே, அதுக்கு இந்தாண்டை தண்டு. அந்தாண்டை மகாராஜா சீமை. அங்க போனா என் குதிரைகூட கன்னடந்தான் பேசும், பாப்பா.”

தண்டு என்றால் நாங்கள் இருந்த கன்டோன்மென்ட். பூங்காவின் முனையில் வெள்ளைக் கல்லில் அதே டப்பா ராணி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவள்தான் இங்கே நின்று எழுத்தை மாற்றி அனுப்புகிறாள். அதனால்தான் தன் ஊர்ச் சொல்லை மட்டும் விட்டுவிடுகிறாள். நான் பால், பால், பால் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வண்டி ராணியின் நிழலில் ஏறி இறங்கியதும் ஹாலு என்றேன். குளம்புச் சத்தம்கூட அங்கே மாறியது போல இருந்தது. திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. மரங்களுக்குள் புகைபோல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஹூவு, ஹூவு, ஹூவு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். சிலை அருகில் என் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்தது. அம்மா. இருவரும் ஒரே நேரத்தில் பூ என்றோம். ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

அதற்குப்பின் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது அது எங்கள் பேச்சாயிற்று. “ஹசிக்குதா?” என்று கேட்பாள் அம்மா. “ஹல் தேச்சியா?” “ஹடுத்துக்கோ.” அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்டதும் ‘ப’ திரும்ப வந்துவிடும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

பால்காரம்மா தினமும் செம்பைக் கவிழ்த்துவிட்டு, “நம்ம ஹள்ளிகே ஹோக்தீனி,” என்று சொல்லிப் போவாள். நான் அதை விடுவேனா. ‘ஹ’வை எடுத்துவிட்டு ‘ப’வைப் போட்டேன். எங்கள் பள்ளிக்குப் போகிறேன் என்று வந்தது. பால்காரம்மா தினமும் பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வளவு பெரியவள், மாடுகளோடு.

அம்மாவிடம் சொன்னேன். ஹள்ளி என்றால் கன்னடத்தில் கிராமம் என்று அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும். அவள் பெங்களூரிலேயே பிறந்தவள். சொல்ல வாயைத் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டாள். “அப்படியா,” என்றாள்.

நான் அந்தப் பள்ளியைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கார்த்திகை மாதத்துப் பின்மதியம் ஒன்றில் அம்மா என்னை நடத்திக் கூட்டிப்போனாள். என் கால்கள் அப்போது தேறியிருந்தன. சிவப்பு மண் பாதை. இரண்டு பக்கமும் ராகிக் கொல்லை. தூரத்தில் எங்கோ பட்டாளத்து பாண்டு வாத்தியம் பழகிக்கொண்டிருந்தது; காற்று திரும்பும்போது கொஞ்சம் கேட்கும், பிறகு நின்றுவிடும். ஊர் முகப்பில் ஒரு நீண்ட சுவர். அதில் வறட்டி தட்டியிருந்தார்கள், வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் விரல் பதிந்த கோடு. எனக்கு அது எழுதி நிறைத்த பெரிய சிலேட்டாகத் தெரிந்தது.

மேய்ச்சல் முடிந்து மாடுகள் வந்தன. பால்காரம்மா தொழுவத்து வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கௌரி, துங்கா, லக்ஷ்மி. கூப்பிட்ட மாடு தலையைத் தூக்கி ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றது. ஒன்று தாமதமாக வந்தது. பால்காரம்மா அதை முதுகில் தட்டித் திட்டினாள். புழுதி பொன்னாக இருந்தது. பாலும் சாணமும் நனைந்த வைக்கோலும் சேர்ந்த மணம். அம்மா கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பால்காரம்மா கொடுத்த வேர்க்கடலையை உரித்து எனக்கும் கொடுத்து, தானும் தின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். எந்த வேலையும் இல்லாதவள் மாதிரி அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“அட்டெண்டென்ஸ் எடுக்கிறாங்கம்மா,” என்றேன்.

“ஆமா,” என்றாள் அம்மா.

பனி கடுமையானபோது அத்தை வந்தார். கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள், சாப்பாட்டுக்குப் பின், முன்னறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். மேஜையில் கல்கல் என்கிற இனிப்பும் அச்சு முறுக்கும் தட்டில் இருந்தன. அப்பா சுவரோரம் நின்றார். அம்மா சமையலறைக் கதவில் பாதி தெரிய நின்றாள். புதுப்புடவையின் கஞ்சி வாசனை எனக்கு அங்கே வரைக்கும் வந்தது.

அத்தை தான் கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். வாசித்தேன். பக்கத்தைத் திருப்பினார். அதையும் வாசித்தேன். கணக்குச் சொன்னேன். சிலேட்டில் என் பெயரையும் அப்பா பெயரையும் எழுதினேன். அத்தையின் புருவம் உயர்ந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, பரவாயில்லையே என்பது போலத் தலையசைத்தார். அம்மாவின் கை கதவிலிருந்து இறங்கியது. அத்தோடு முடிந்திருக்கலாம்.

அத்தை கெட்டவர் இல்லை. அதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அன்பாகத்தான் என்னை அருகில் இழுத்து, ஒரு கல்கல்லைக் கையில் கொடுத்து, பெரியவளானதும் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிரியம் என்று கேட்டார்.

“பால்காரம்மா பள்ளிக்கு,” என்றேன். “மாடெல்லாம் வரும் அத்தை. அட்டெண்டென்ஸ் எடுப்பாங்க.”

அத்தை சிரித்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ராணியைப் பற்றிச் சொன்னேன். சிலையைத் தாண்டினால் ‘ப’ எப்படி ‘ஹ’ ஆகிறது என்று, பாலிலிருந்து தொடங்கி, பாம்பு, புலி எல்லாவற்றையும் சொல்லி, பள்ளி ஹள்ளி ஆகிவிடும் என்று முடித்தேன். அத்தையின் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“இதெல்லாம் நீ சொல்லிக் கொடுத்தியா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“இல்லக்கா. அவளாவே கண்டுபிடிச்சா.”

“ஹள்ளின்னா ஊருன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் தப்புன்னு சொல்லலியா?”

அம்மா மெதுவாகச் சொன்னாள். “சொல்லலாம்னுதான் இருந்தேன். அழகா இருந்துச்சுக்கா.”

“அழகா இருக்குன்னு யாராச்சும் தலையில பேன் வளர்ப்பாங்களா?”

“பேன் ஹேனு ஆயிடும் அத்தை,” என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தரையைப் பார்த்தார். வாசிப்பதெல்லாம் சரி, ஆனால் எது நிஜம் எது கதை என்று தெரியாமல் பிள்ளை வளர்கிறது, பாஷையும் கலந்துவிட்டது, இனி வைத்திருந்தால் திருத்துவது கஷ்டம் என்று அத்தை அப்பாவிடம் சொன்னார். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் என்னைத் தருவதற்குச் சம்மதித்தாள் என்று அப்போது நினைத்தேன். இப்போது என் பையன் தூங்கும்போது அவனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் வேறொன்று தோன்றுகிறது. அத்தை சொன்னதுதான் சரியோ என்ற பயம் அத்தை வருவதற்கு முன்பே அவளுக்குள் இருந்திருக்கும்.

போர்டிங்கில் நான் நன்றாகவே படித்தேன். அத்தை என்னைத் தன் பிள்ளையாகவே பார்த்துக்கொண்டார். நான் இன்று உங்களுக்கு இதை எழுதும்படி இருப்பது அவரால்தான். விடுமுறைக்கு வருவேன், போவேன். வீடு மெல்ல மெல்ல விருந்தாளி தங்குகிற இடமாகிவிட்டது. அந்த டப்பாவும் எப்போதோ காணாமல் போயிருந்தது. கேட்டதற்கு அம்மா, துருப்பிடித்துவிட்டது என்றாள்.

டீச்சர் டிரெய்னிங்கில் ஒருநாள் பாஷை வகுப்பு நடத்திய அம்மையார் பலகையில் இரண்டு வரிசை எழுதினார். ஒரு பக்கம் பால், பல், புலி. மறுபக்கம் ஹாலு, ஹல்லு, ஹுலி. கன்னடத்திலும் ஒரு காலத்தில் ‘ப’தான் இருந்ததாம், பிற்பாடு மாறியதாம். கடைசியில் பள்ளி என்று எழுதி, எதிரே ஹள்ளி என்று எழுதினார். பள்ளி என்றால் பழைய தமிழில் மக்கள் தங்குகிற ஊரும்தான், இரண்டும் ஒரே சொல் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவள் எனக்குத் தலைவலியோ என்று கேட்டாள்.

அடுத்த விடுமுறையில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “எனக்கும் அப்போ அப்படி ஏதோ தோணுச்சு,” என்றாள். “ஆனா நிச்சயமாத் தெரியலையே.”

இப்போது என் பையன். சன்னல் கண்ணாடியில் யுத்தத்துக்காகக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறோம் அல்லவா, ராத்திரி என்பது அந்தக் காகிதத்திலிருந்துதான் கசிந்து வீட்டுக்குள் நிறைகிறது என்று அவன் நம்புகிறான். யுத்தம் முடிந்து அதைக் கிழித்துவிட்டால் பிறகு தூங்கவே வேண்டாம் என்கிறான். நான் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறக்கிறேன், பிறகு மூடிக்கொள்கிறேன். ஜூனில் அவனைச் சேர்க்கலாம் என்று காலையில் முடிவு செய்கிறேன்; சாயங்காலம் அது கலைந்துவிடுகிறது. நான் பயிற்சி பெற்ற டீச்சர் வேறு. நீங்கள் கேட்கும்போது சளி என்று சொல்வது எதனால் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆனால் நான் போர்டிங்குக்குப் புறப்பட்ட நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

அன்று விடிவதற்கு முன் அம்மா என்னை டிரங்குப் பெட்டிமேல் உட்காரவைத்து, வளர்ந்துவந்த குட்டை முடியை இழுத்துப் பின்னினாள். பின்னிக்கொண்டே சொன்னாள்.

“ஹள்ளின்னா ஊரு, கண்ணு. பள்ளிக்கூடம் இல்ல. மாடு படிக்காது.”

“அப்போ அட்டெண்டென்ஸ்?”

“பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. அவ்வளவுதான். இனிமே அந்த ‘ஹ’ வேண்டாம். அங்க எல்லாரும் சிரிப்பாங்க.”

அன்னிக்கு ஏன் சொல்லலே என்று கேட்டேன். அவள் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். நான் அழுதேன். ஊரை விட்டுப் போவதற்கு அழுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வாசலில் “ஹாலு” என்ற குரல் கேட்டது. யாரும் உடனே போகவில்லை.

தண்டு ஸ்டேஷனில் பனி தண்டவாளம் வரைக்கும் இறங்கியிருந்தது. விளக்குகள் பஞ்சுக்குள் எரிவது போல இருந்தன. எங்கள் ரயில் ராணி சிலைப் பக்கம் போகாது, அதற்கு எதிர்த்திசையில் போகும் என்று எனக்குத் தெரியும். ‘ப’ எந்த இடத்திலும் மாறாத ஊருக்கு அது போகிறது. அப்பா கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அத்தை உள்ளே என் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அம்மா வெளியே சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கமாக என்னிடம் கேட்கிற ஏழும் அஞ்சும் எவ்வளவு என்பதைக்கூட அவள் கேட்கவில்லை.

கார்டு விசில் ஊதினார். அம்மா எக்கி, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முகத்தை வைத்தாள். அவள் மூச்சு புகையாக வந்தது.

“ஹோயிட்டு வா,” என்றாள்.

அத்தை நிமிர்ந்தார். அவருக்கு அது இருமலாகக் கேட்டிருக்கிறது.

“பனி ஒத்துக்கலை பாரு உனக்கு,” என்றார் அம்மாவிடம். “சால்வையை நல்லாப் போத்திக்கோ.”